மூலநிரல்வழி இயங்குதளங்களும் அன்றாடக் கணினிப் பயனரும்: தமிழக மாணவர் மடிக்கணினியை முன்வைத்து

முன்னுரை

மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் பயனருக்குள்ள உரிமையே கட்டற்ற மென்பொருளின் அடிப்படையாகும். அவ்வுரிமையை முழுமையாகத் துய்க்க, ஒவ்வொருவரும் தம் கணினியிலேயே மூலநிரலைத் தொகுத்துக்கொள்ள வேண்டும் என்னும் கருத்தும் நிலவுகிறது. இக்கருத்து அன்றாடப் பயனருக்குப் பொருந்துமா என்பதை, தமிழக அரசு வழங்கிய மாணவர் மடிக்கணினியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மூலநிரல்வழி இயங்குதளத்தின் இயல்பு

டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வெளியீடுகள், முன்னரே தொகுக்கப்பட்ட பொதிகளைப் பயனருக்கு வழங்குகின்றன. 2002இல் முதற்பதிப்புக் கண்ட ஜென்டூ, மூலநிரலைத் தருவித்துப் பயனரின் கணினியிலேயே தொகுக்கும் முறையைக் கொண்டது. அரிசியாகப் பெறுவதற்கும், நெல்லாகப் பெற்று வீட்டில் குற்றிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு இது. ஜென்டூவில் வேண்டாத கூறுகளை விலக்கலாம். வன்பொருளுக்கு ஏற்பவும் தொகுக்கலாம். ஆயினும் அதற்குக் காலமும் நினைவகமும் மின்சாரமும் செலவாகின்றன.

மாணவர் மடிக்கணினி

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மாநிலம் முழுமைக்குமானது. அன்று திருநெல்வேலி மாவட்டத்திலிருந்த தென்காசி, குற்றாலம், வடகரை வட்டாரமும் அதனுள் அடங்கும். தொடக்கத்தில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 7 உடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியதாகும்.

அக்கணினியின் நினைவகம் 2 கிகாபைட். ஜென்டூவில் இணையாக நிகழும் ஒவ்வொரு தொகுப்புப் பணிக்கும் ஏறத்தாழ அவ்வளவு நினைவகம் ஒதுக்குமாறு பரிந்துரைக்கப்படுகிறது. எனவே இணைய உலாவி போன்ற பெரிய மென்பொருளைத் தொகுக்கப் பல மணிநேரம் ஆகும். உலாவிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வெளிவரும்போதெல்லாம் அப்பணியை மீண்டும் செய்ய வேண்டும். தொகுப்பு இடையில் நின்றுவிட்டால் பிழைச்செய்தியைப் படித்துக் காரணம் அறியும் பயிற்சியும் தேவை. இவை இயலாத மாணவர் திருத்தத்தைத் தள்ளிப்போடுவார்; அறியப்பட்ட பாதுகாப்புக் குறை அவர் கணினியில் நீடிக்கும்.

உரிமையும் உழைப்பும்

கூகுளின் குரோம்ஓஎஸ், ஜென்டூவின் போர்டேஜ் என்னும் பொதி மேலாண்மைக் கருவியைக் கொண்டே உருவாக்கப்படுகிறது. தொகுக்கும் பணி நிறுவனத்திடம் முடிந்துவிடுவதால் பயனர் அதனை உணர்வதில்லை. ஜென்டூவும் 2023 டிசம்பரில், தொகுத்த பொதிகளைப் பரவலாக வழங்கத் தொடங்கியது. டெபியனோ தொகுத்த பொதிகளுடன் அவற்றின் மூலநிரலையும் தொடக்கம் முதலே வழங்கிவருகிறது. மூலநிரலுக்கான உரிமையும் தொகுக்கும் உழைப்பும் ஒருவரிடமே இருக்கவேண்டியதில்லை என்பதை இவை காட்டுகின்றன.

முடிவுரை

கருநிரலின் அமைப்பு, பொதிகளின் சார்புநிலை ஆகியவற்றைக் கற்கும் கணினி அறிவியல் மாணவர்க்கு மூலநிரல்வழி இயங்குதளம் சிறந்த ஆய்வுக்கூடமாகும். கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் கணினியை நாடுவோர்க்கு அது பொருந்துவதன்று. பொதுத் திட்டங்களில் தொகுக்கும் உழைப்பை வல்லுநர் மையம் ஏற்பதும், மூலநிரலைப் பெறும் உரிமை பயனரிடம் நிலைப்பதுமே தக்க நெறியாகும். அவ்வுரிமை இல்லையெனில் பயனரைப் பொறுத்தவரை கட்டற்ற மென்பொருளுக்கும் மூடிய மென்பொருளுக்கும் விலையளவிலேயே வேறுபாடு எஞ்சும்.