சென்சர் பழுதா, வயர் பழுதா?

அப்டன் பார்க்கின் கிரீன் ஸ்ட்ரீட்டில் சனிக்கிழமை மாலை கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: எஞ்சின் ஓடும், கார் ஓடாது. மினிகேப் ஓட்டிப் பிழைக்கும் நம்மவர்களுக்கு அந்த நேரத்தில் டாஷ்போர்டில் மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தால் வயிற்றைக் கலக்கும். ஓரளவு புதிய கார் என்றால், 2018 மே 20 முதல், அந்த விளக்கு எரிந்தபடி இருந்தாலே எம்.ஓ.டி. சோதனையில் தேறாது. கராஜில் கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "அண்ணை, வெப்பநிலை சென்சர் பழுது, மாத்தவேணும்" என்பார்கள். மாற்றி ஒரு வாரத்தில் விளக்கு மறுபடியும் எரிந்தால் சென்சர் காசும் போய், ஒருநாள் உழைப்பும் போய்விடும்.

கருவி பொய் சொல்வதில்லை. அது சொல்வது மின்சுற்றைப் பற்றி. சுற்று என்றால் சென்சர், கனெக்டர், இரண்டு வயர்கள், எஞ்சினின் கணினி எல்லாம் சேர்ந்தது. அதில் எது பழுது என்று நாம்தான் தேடவேண்டும்.

இந்த சென்சர் ஒரு சின்னத் தடைதான். குளிரில் அதன் மின்தடை கூடும், சூட்டில் குறையும். பரவலாகப் பயன்படும் ஒரு வகையில் 20 பாகை செல்சியஸில் சுமார் 2500 ஓம், 80 பாகையில் சுமார் 320 ஓம். கணினி தனக்குள் இருக்கும் ஒரு தடை வழியாக 5 வோல்ட் அனுப்பி, சென்சரில் எவ்வளவு மின்னழுத்தம் நிற்கிறது என்று பார்த்து வெப்பநிலையைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்தால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். கணினி அதை உறைகுளிர் என்று எண்ணி மைனஸ் 40 பாகை காட்டும். வயர் எஞ்சின் உடலைத் தொட்டால் மின்னழுத்தம் பூச்சியமாகும். கொதிநிலையைத் தாண்டிய சூடு காட்டும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். பி0118 என்ற குறியீடு கூலண்ட் வெப்பநிலைச் சுற்றில் 'அதிகம்' என்கிறது. பி0113 உள்ளே போகும் காற்றின் வெப்பநிலைக்கு அதையே சொல்கிறது. எஞ்சின் அதிகம் சூடாகிவிட்டது என்று பதறவேண்டாம். அதிகமாக இருப்பது மின்னழுத்தம். அதாவது சுற்று எங்கோ அறுந்திருக்கலாம். பி0117, பி0112 இரண்டும் நேர் எதிர்.

டர்போ எஞ்சினில் காற்றுச் சூட்டுக்கு மதிப்பு அதிகம். டர்போ காற்றை அமுக்கும்போது அது 100 பாகைக்கு மேலும் சூடாகலாம். இண்டர்கூலர் அதைத் தணிக்கும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, பெட்ரோல் எஞ்சினில் தட்டல் ஏற்படும் அபாயமும் கூடுதல். ஆகவே அளவு கிடைக்காவிட்டால் கணினி ஒரு மாற்று அளவை வைத்துக்கொண்டு, பல கார்களில் டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். வண்டி 'இழுக்கவில்லை' என்று டர்போவையே மாற்றப் போகிறவர்களும் உண்டு!

சரி, எப்படிப் பார்ப்பது? இரவு முழுக்க நின்ற காரை, எஞ்சினை முடுக்காமல் சாவியை மட்டும் திருப்பி, கருவியில் கூலண்ட், காற்று வெப்பநிலைகளைப் படியுங்கள். எல்லாம் வெளிக் குளிரை ஒட்டி, ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் 15 பாகை விலகி நின்றால் அதன்மேல் சந்தேகப்படலாம். குறியீடே வராத அரைகுறைப் பழுதும் இதில் அகப்படும்.

அடுத்து கனெக்டரைக் கழற்றுங்கள். அளவு மைனஸ் 40 அல்லது அதையொட்டி விழவேண்டும். பிறகு வயர் பக்கத்து முனைகள் இரண்டையும் சிறு வயரால் இணைத்தால் உச்சத்துக்கு ஏறவேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் கணினியும் சரி. சென்சரை அல்லது அதன் கனெக்டர் முனைகளைத்தான் சந்தேகிக்கவேண்டும். இணைத்தும் ஏறாவிட்டால் மல்டிமீட்டரை எடுங்கள். சிக்னல் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவுக்கும் இடையே 5 வோல்ட் இருந்தால், அறுந்தது பெரும்பாலும் தரை வயர். அந்தத் தரை வயரைப் பல சென்சர்கள் பகிர்வதுண்டு. ஒரே நாளில் நாலைந்து குறியீடுகள் வந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. பல டர்போ கார்களில் காற்றின் அழுத்தமும் வெப்பமும் அளக்கும் சென்சர் ஒன்றாகவே, நான்கு முனைகளோடு இருக்கும். அதில் கண்டபடி முனைகளை இணைத்தால் கணினிக்கே கேடு. வயர்ப்படம் கையில் இல்லாமல் தொடாதீர்கள்.

சூடானபின் மட்டும் வரும் பழுதுதான் மண்டையைக் குடையும். எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் பாகங்களுக்கு எட்டவே வயரை மெல்ல அசைத்து அளவைப் பாருங்கள். 90 பாகையில் நின்ற கூலண்ட் ஒரு நொடியில் மைனஸ் 40க்குப் போக இயற்கையில் வழியில்லை. அப்படிக் குதித்தால் வயரோ கனெக்டரோதான். லண்டன் குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். அந்த உப்புநீர் கனெக்டருக்குள் போனால் செம்பு பச்சை பூக்கும். ஊசியால் வயரின் உறையைக் குத்திச் சோதித்தால் நாமே அதற்கு வாசல் திறந்துவிடுகிறோம்.

கூலண்ட் குறைந்து சென்சர் நீருக்கு வெளியே நின்றாலும் அளவு தவறும். எஞ்சின் ஆறியபின் தொட்டியைப் பார்த்துவிடுங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறிடும். பி0128 என்று வந்தால் சென்சர் பெரும்பாலும் குற்றவாளி அல்ல; திறந்தபடி சிக்கிய தெர்மோஸ்டாட்டால் எஞ்சின் சூடேறவே இல்லை என்பதைத்தான் அது உண்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கும்.