விளையாட்டு வர்ணனையும் கொடைக்கானல் கோபுரமும்

ஒரு பந்தாட்டத்தை நேரில் பார்ப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். அதைக் காதால் கேட்டு அறிபவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். மைதானத்திற்குச் செல்லப் பணமோ அவகாசமோ இல்லாத அந்தப் பெருங்கூட்டத்திற்குக் கண்ணாக அமைபவரே விளையாட்டு வர்ணனையாளர். அவருடைய தொழில் பொழுதுபோக்கைச் சேர்ந்ததென்றும், அதைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதவேண்டியதில்லையென்றும் சிலர் நினைக்கக்கூடும். நமது அபிப்பிராயம் வேறு. தமக்குப் பிரியமான ஒரு விஷயத்தை ஜனங்கள் எந்தப் பாஷையில், எவ்வளவு உண்மையாகக் கேட்டறிகிறார்கள் என்பது அவர்களுடைய சுயமரியாதையைத் தொட்ட விஷயம். ஆகையால் நல்ல வர்ணனை எது என்பதையும், அது தமிழ் மக்களுக்கு எட்டும் வழி எது என்பதையும் இன்று சிறிது ஆராய விரும்புகிறோம்.

கேட்பவர்கள் யார்?

பழனி மலைத்தொடரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி முதலிய கிராமங்களில் வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் பயிராகின்றன. கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கங்களில் காப்பியும் மிளகும் மலைவாழையும் விளைகின்றன. பூண்டு பிடுங்குகிறவளுக்கும் காப்பிப் பழம் பறிக்கிறவனுக்கும் கண்ணும் கையும் வேலையிலேயே இருந்தாக வேண்டும். காது ஒன்றுதான் ஓய்ந்திருக்கிறது. டெலிவிஷன் எவ்வளவு பெருகினாலும், கைப்பேசியிலேயே படம் ஓடினாலும், குனிந்து வேலை செய்பவர்களுக்கு அவை பயன்படா. ரேடியோ ஒன்றே அவர்களோடு வரப்பிற்கு வரக்கூடியது.

அதே மலைமேல், கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், அகில இந்திய ரேடியோவின் பண்பலை நிலையம் 10 கிலோவாட் சக்தியுடன் 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பி வருகிறது. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்பவை. குன்று குறுக்கிட்டால் தடைப்படுபவை. எனவே கோபுரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அவ்வளவு தூரம் குரல் செல்லும். கொடைக்கானலில் எழும் குரல் மதுரை, திண்டுக்கல், தேனி, கரூர் முதலிய ஜில்லாக்களின் பல பாகங்களில் கேட்கப்படுவதற்கு மலையின் உயரமே காரணம். இயற்கை அளித்த இந்த மேடையில் நின்று நமது விளையாட்டுகளை நமது பாஷையில் சொல்ல எத்தனை பேரைத் தயார் செய்திருக்கிறோம் என்பதே நமது கேள்வி.

பழைய மரபு

வர்ணனைக் கலை நமக்குப் புதிதன்று. குருக்ஷேத்திரத்தில் நடந்ததைக் கண்ணில்லாத திருதராஷ்டிரனுக்கு எடுத்துரைத்த சஞ்சயனை அறியாதார் யார்? தமிழிலும், ஜயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில், போர்க்களத்தின் செய்தியைக் காளிக்குக் கூறுவது ஒரு பேய். தெருக்கூத்தில் வருகிறவர் யார், எதற்காக வருகிறார் என்று சபைக்கு அறிவிக்கக் கட்டியக்காரன் நிற்கிறான். இன்று வாடிவாசலின் மேல் நின்று, அவிழ்க்கப்படும் காளை யாருடையது, பிடிப்பவருக்குப் பரிசு என்ன என்று முழங்குகிறவரும், இரவு வெளிச்சத்தில் நடக்கும் கிராமத்துச் சடுகுடுப் பந்தயத்தில் மைக்கைப் பிடிக்கிறவரும் அந்தக் கட்டியக்காரனின் வாரிசுகளே.

இங்கிலாந்து ரேடியோவிலும் இக்கலை கண்ணில்லாத ஒருவரை முன்னிட்டே தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. 1927-ம் வருஷம் ஜனவரி 15-ந் தேதி, லண்டனை அடுத்த ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடந்த ரக்பி ஆட்டத்தை பி.பி.சி. முதன்முதலாக நேரில் வர்ணித்தது. வர்ணித்த டெடி வேக்லாமின் எதிரில் கண்பார்வை இழந்த ஒருவர் உட்கார வைக்கப்பட்டார். அவருக்கு விளங்குமாறு பேசவேண்டுமென்பது ஏற்பாடு. மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்த படமும் பத்திரிகையில் முன்கூட்டி வெளியாகி, பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறதென்று நேயர்களுக்குச் சொல்லப்பட்டது. இன்றைய வர்ணனையாளர் ஒவ்வொருவரும் தமக்கு எதிரே அப்படி ஒருவர் அமர்ந்திருப்பதாகப் பாவித்துக்கொண்டால் பாதிக் குறைகள் நீங்கிவிடும்.

நம் நாட்டில் 1934-ம் வருஷத்தில், பம்பாயில் நடந்த நாற்கோணக் கிரிக்கெட் பந்தயத்தை ஏ. எப். எஸ். தல்யார்கான் ரேடியோவில் வர்ணித்தார். நாள் முழுவதும் ஒருவராகவே பேசும் வல்லமை அவருக்கு இருந்தது. மைக்கைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ள அவர் இசையவில்லை. 1948-49-ல் மேற்கிந்தியத் தீவுகளின் அணி வந்தபோது பலர் முறைவைத்துப் பேசும் ஏற்பாடு வரவே, விலகிக்கொண்டார். ஹிந்தியில் ஜஸ்தேவ் சிங்கின் பெயர் 1975-ம் வருஷம் கோலாலம்பூரில் இந்தியா ஹாக்கி உலகக் கோப்பையை வென்றதோடு பிணைந்து நிற்கிறது. அந்த அணியில் தமிழ்நாட்டின் வி. ஜே. பிலிப்ஸும் இருந்தார். ஆனால் அவருடைய ஆட்டத்தைக் கேட்க விரும்பிய தமிழ்க் குடியானவன் தனக்குத் தெரியாத பாஷைகளில் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு மகிழவேண்டியிருந்தது. ஹிந்தியின் மீதோ ஆங்கிலத்தின் மீதோ நமக்கு விரோதமில்லை. தமிழுக்குரிய இடத்தையே கேட்கிறோம்.

சாட்சியின் கடமை

நீதிஸ்தலத்தில் சாட்சி, வக்கீல், நீதிபதி ஆகிய மூவருக்கும் தனித்தனி வேலை உண்டு. ஆட்டத்தில் நீதிபதி நடுவரே. வக்கீல்களுக்கோ பஞ்சமில்லை, ஒவ்வொரு அணிக்கும் லட்சம் பேர் வாதாடக் காத்திருக்கிறார்கள். வர்ணனையாளரின் ஸ்தானம் சாட்சியின் ஸ்தானம். கண்டதைக் கண்டபடி, நடந்த வரிசையில், தெளிவாகச் சொல்லவேண்டும். யூகத்தை யூகமென்று பிரித்துக் காட்டவேண்டும்.

தேச அணி ஆடும்போது அதன் பக்கம் சாய்ந்து பேசுவதே தேசபக்தி என்று சிலர் வாதிக்கிறார்கள். இந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. சஞ்சயன் தன் எஜமானனிடம், எஜமானனுடைய புத்திரர்கள் மடிந்த செய்தியையே மறைக்காமல் சொன்னான். எதிரணியின் நல்ல ஆட்டத்தைக் குறைத்துச் சொன்னால் நமது தோல்வியின் காரணத்தை நாமே அறியாமற்போவோம். வெற்றியின் பெருமையும் குறைந்துவிடும். தன் தேசத்தாரிடம் உண்மையைச் சொல்வதைவிட உயர்ந்த தேசபக்தி வேறில்லை.

சாட்சிக்கு ஒழுங்கும் வேண்டும். அமெரிக்காவில் பேஸ்பால் வர்ணனையில் புகழ் பெற்ற ரெட் பார்பர், மூன்று நிமிஷ மணல் கடிகாரம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். மணல் இறங்கிய போதெல்லாம் ஆட்டத்தின் கணக்கைத் திரும்பச் சொல்வார். ஏனெனில் ஒவ்வொரு நிமிஷமும் புதிதாக ஒருவர் ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். கிரிக்கெட்டில் எத்தனை ஓட்டம், எத்தனை விக்கெட் என்பதைச் சொல்லாமல் கதை பேசுகிற வர்ணனை, விலாசம் எழுதாத கடிதம் போன்றது. மலைப்பிரதேசத்தார் இதை நன்கு அறிவார்கள். மைதானத்தில் மூடுபனி இறங்கிவிட்டால் ஓரத்தில் நிற்பவனுக்கே எதிர்க் கோல் தெரிவதில்லை. மே மாதக் கோடை விழாவின்போது ஏரியில் நடக்கும் பந்தயத்தில் படகு ஒரு வளைவுக்குள் மறைந்துவிட்டால், கரையிலுள்ளவர்கள் ஒலிபெருக்கியையே நம்பி நிற்கிறார்கள். அந்த வேளையில் அவர்களுக்கு வேண்டியது எந்தப் படகு முந்துகிறது, எவ்வளவு முந்துகிறது என்ற செய்தி, அலங்காரச் சொற்களல்ல.

மௌனமும் வர்ணனையின் ஒரு பகுதியே. ஆஸ்திரேலிய அணியின் தலைவராக இருந்து பின்னர் டெலிவிஷன் வர்ணனையில் புகழடைந்த ரிச்சி பெனோ, படத்திற்கு மேல் சொல்ல ஏதேனும் இருந்தால் மட்டுமே வாய் திறக்கவேண்டுமென்ற கொள்கையுடையவர். இன்றோ படம் காட்டுவதையே மறுபடி சொல்வதும், இருவர் மூவர் ஒரே சமயத்தில் பேசிச் சிரிப்பதும், விளம்பரத்திற்கும் வர்ணனைக்கும் வேறுபாடு தெரியாமற்போவதும் வழக்கமாகி வருகின்றன. கண்ணுள்ளவர்களுக்கு அது சலிப்பு. காதை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அது பெரும் நஷ்டம்.

தமிழின் தகுதி

தமிழில் கிரிக்கெட்டைச் சொல்ல முடியுமா என்று கேட்டவர்களுக்குச் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் தம் குரலாலேயே பதில் சொன்னார். 2020-ம் வருஷம் டிசம்பரில் காலமான அப்பெரியாரின் வர்ணனையை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். ‘ஓட்டம்’, ‘பந்து வீச்சாளர்’, ‘ஆட்டமிழந்தார்’, ‘எல்லைக்கோடு’ என்ற சொற்கள் இன்று சிறுவர்களின் வாயிலும் இயல்பாக வருகின்றன. வழங்கும் சொல் இருக்கையில் ஆங்கிலத்தைக் கொட்டுவதும் தவறு. ‘விக்கெட்’டை எல்லோரும் அறிந்திருக்க, அகராதியைப் புரட்டி அதற்கொரு சொல்லைப் படைத்து நேயரை மிரட்டுவதும் தவறு.

ஊர்ப் பேச்சின் சாயல் குரலில் இருப்பது இழுக்கென்று நமது இளைஞர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. முன்பு போலீஸ்காரராக இருந்த ஜான் ஆர்லட், 1946-ம் வருஷம் இந்திய அணி இங்கிலாந்தில் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, பி.பி.சி.யின் கிழக்கத்திய சேவையில் நம் நாட்டு நேயர்களுக்காகவே வர்ணனையைத் தொடங்கினார். பட்டணத்து நாகரிக உச்சரிப்பே ஆட்சி செலுத்திய அந்த ஸ்தாபனத்தில் தமது ஹாம்ஷயர் நாட்டுப்புறக் குரலை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1980-ல் ஓய்வு பெறும் வரையில் அக்குரலையே உலகம் விரும்பிக் கேட்டது. திண்டுக்கல் தமிழுக்கும் தேனித் தமிழுக்கும் அந்த உரிமை உண்டு.

செய்ய வேண்டியது

ஐ.பி.எல். பந்தயங்கள் டெலிவிஷனில் தமிழிலும் வர்ணிக்கப்படுகின்றன. அதை வரவேற்கிறோம். ஆனால் லாபத்தை நாடும் கம்பெனிகள் லாபமுள்ள ஆட்டங்களையே நாடும். ஜில்லா ஹாக்கியும், கிராமத்துச் சடுகுடுவும், பள்ளிப் பெண்களின் ஓட்டப் பந்தயமும் அவற்றின் கணக்கில் வாரா. பொதுஜனங்களின் பணத்தில் நடைபெறும் ரேடியோவுக்குத்தான் அந்தக் கடமை உண்டு.

ஆகவே பிரஸார் பாரதி அதிகாரிகளுக்கு மூன்று யோசனைகளைச் சொல்கிறோம். முதலாவது, கொடைக்கானல் ஒலிபரப்பில் தமிழ் விளையாட்டு வர்ணனைக்கு நிரந்தரமான இடம் ஒதுக்கப்பட வேண்டும். இரண்டாவது, திருவிழாக்களிலும் கிராமப் பந்தயங்களிலும் மைக் பிடித்துப் பழகிய இளைஞர்களையும் யுவதிகளையும் பரீக்ஷித்து எடுத்துப் பயிற்சி அளிக்க வேண்டும். மூன்றாவது, அவர்களைப் பரீக்ஷிக்கும்போது கண்பார்வையற்ற நேயர்களையும் பரீக்ஷகர்களாக அமர்த்த வேண்டும். ட்விக்கன்ஹாமில் செய்ததை மதுரையில் செய்வதற்குத் தடை ஒன்றுமில்லை.

இதற்குப் பெருஞ்செலவு பிடிக்காது. கோபுரம் இருக்கிறது, ஆட்டங்கள் இருக்கின்றன, கேட்பதற்கு மேல்மலை முதல் வைகைக் கரை வரையில் ஜனங்கள் இருக்கிறார்கள். அதிகாரிகள் மனம் வைப்பார்களா?