கேட் வரைதலிலிருந்து கட்டிடத் தகவல் மாதிரிக்கு மாறுதல்

கட்டிடத் தகவல் மாதிரியாக்கம் என்பது, ஒரு கட்டிடத்தைத் தனித்தனிப் படங்களாக வரையாமல், சுவர், கதவு, தளம், கூரை முதலிய உறுப்புகளைக் கொண்ட ஒரே முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் உருவாக்கும் முறையாகும். இது சுருக்கமாக 'பிம்' எனப்படுகிறது. ரெவிட், ஆர்க்கிகேட் ஆகியவை இதற்குப் பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள். ஆட்டோகேட் போன்ற வரைதல் மென்பொருளில் பழகியவர்கள் இவற்றுக்கு மாறும்போது, புதிய கட்டளைகளைக் கற்பதை விட, வேலை செய்யும் ஒழுங்கை மாற்றிக்கொள்வதே கடினமாக இருக்கிறது.

வரலாறு

1963 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து 'ஸ்கெட்ச்பேட்' என்னும் நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவைக் கொண்டு கணினித் திரையில் நேரடியாக வரைவதற்கு இது வழிசெய்தது. 1982 இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் தனியாள் கணினிகளுக்கான ஆட்டோகேட் மென்பொருளை வெளியிட்டது. காலப்போக்கில் வரைபலகையும் மைப்பேனாவும் அலுவலகங்களிலிருந்து மறைந்தன. ஆனால் வேலையின் அடிப்படை மாறவில்லை. தாளில் தனித்தனியாக வரையப்பட்ட அதே படங்கள் திரையிலும் தனித்தனியாகவே வரையப்பட்டன.

கட்டிடத்தை உறுப்புகளின் தரவுத்தளமாகச் சேமித்து, அதிலிருந்து படங்களைப் பெறலாம் என்னும் கருத்தை 1970களின் நடுப்பகுதியிலேயே சார்லசு ஈசுட்மன் தமது ஆய்வில் முன்வைத்தார். அங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் 1980களில் ஆர்க்கிகேட்டை உருவாக்கியது. ரெவிட் 2000 இல் வெளிவந்தது. 2002 இல் ஆட்டோடெஸ்க் அதனை விலைக்கு வாங்கியது. ஐக்கிய இராச்சியத்தில் 2016 ஏப்ரல் முதல் மத்திய அரசின் கட்டுமானத் திட்டங்களுக்கு இம்முறை கட்டாயமாக்கப்பட்டது.

கோடும் உறுப்பும்

இரு முறைகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சன்னலைக் கொண்டு விளக்கலாம். கேட் முறையில் ஒரு சன்னல் தளப்படத்தில் ஒருமுறையும், முகப்புப்படத்தில் ஒருமுறையும், வெட்டுப்படத்தில் ஒருமுறையும் வரையப்படுகிறது. கதவு-சன்னல் பட்டியலில் அதன் அளவு தனியாக எழுதப்படுகிறது. அகலத்தை 1200 மில்லிமீட்டரிலிருந்து 1500 மில்லிமீட்டராக மாற்றினால், தொடர்புடைய எல்லா இடங்களையும் வரைவாளரே நினைவில் வைத்துத் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டால், கொத்தனார் தளப்படத்தைப் பார்த்து ஒரு அளவில் இடைவெளி விடுவார்; தச்சர் பட்டியலைப் பார்த்து வேறொரு அளவில் சட்டம் செய்வார். தவறு கட்டுமான இடத்தில்தான் தெரியவரும். அப்போது அதைச் சரிசெய்யச் சுவரை உடைக்க நேரிடும்.

பிம் முறையில் அந்தச் சன்னல் ஒரே ஒரு உறுப்பு. தளப்படம், முகப்புப்படம், வெட்டுப்படம், பட்டியல் ஆகிய அனைத்தும் அந்த உறுப்பைப் பல கோணங்களில் காட்டும் பார்வைகள். ஓரிடத்தில் அகலத்தை மாற்றினால் மற்ற இடங்களும் தாமாக மாறும்.

அளவுகளை எழுதுவதிலும் இவ்வேறுபாடு தெரிகிறது. ஆட்டோகேட்டில் 2980 என்று காட்டும் அளவின் மேல் 3000 என்று எழுதிவிட முடியும். படம் சரியாகத் தோன்றும். கோடு பழைய நீளத்திலேயே இருக்கும். ரெவிட்டில் ஓர் அளவுக்குப் பதிலாக வேறு எண்ணை எழுதினால் மென்பொருள் ஏற்றுக்கொள்வதில்லை. சுவரைத்தான் நகர்த்த வேண்டும்.

முன்கூட்டிய முடிவுகள்

கேட்டில் இரண்டு இணைகோடுகள் ஒரு சுவரைக் குறிக்கப் போதுமானவை. அது எந்தப் பொருளால் ஆனது, எவ்வளவு உயரமானது என்பவற்றைப் பிறகு தீர்மானிக்கலாம். மாதிரியிலோ ஒரு சுவரை வைக்கும்போதே அதன் வகை, தடிப்பு, எந்த மட்டத்திலிருந்து எந்த மட்டம் வரை எழும்புகிறது ஆகியவை குறிக்கப்படுகின்றன. இதனால் தொடக்கக் கட்டத்தில் வேலை மெதுவாக நகர்வதுபோல் தோன்றும். பின்னர் வெட்டுப்படங்களையும் பட்டியல்களையும் எடுக்கும்போது அந்த நேரம் மிச்சமாகிறது. காற்றுக்குழாய் ஒன்று உத்தரத்தின் மேல் மோதுவது போன்ற முரண்பாடுகளையும் கட்டத் தொடங்கும் முன்பே கண்டறியலாம்.

இதன் விளைவாக வரைவாளரின் பணியும் மாறுகிறது. படிக்கட்டை மாதிரியாக்குபவர் படிகளின் உயரத்தையும், மேலே தலை இடிக்காத அளவுக்கு இடம் உள்ளதா என்பதையும் அறிந்திருக்க வேண்டும். கட்டுமான அறிவு உடையவருக்கு இது வாய்ப்பு. கொடுத்த படத்தைப் பார்த்து வேகமாக வரையும் திறமையை மட்டும் நம்பியிருப்பவருக்கு இது நெருக்கடி.

மாறும்போது நேரும் தவறுகள்

பழைய பழக்கத்தைப் புதிய மென்பொருளுக்குள் கொண்டுவருவதே பொதுவான தவறு. வெட்டுப்படம் ஒன்றில் தளம் தவறாகத் தெரிந்தால், மாதிரியைத் திருத்தாமல் அந்தப் படத்தின் மேல் சில கோடுகளை வரைந்து மறைப்பதுண்டு. தாளில் அது சரியாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடு அளவைக் கணக்கில் சேராது; அடுத்த மாற்றத்தின்போது தளம் நகரும், கோடு நகராது. கேட் முறையின் பழைய முரண்பாடு இவ்வாறு மீண்டும் நுழைந்துவிடுகிறது.

மாதிரி தரும் பொருள் அளவுகளை ஆராயாமல் நம்புவது மற்றொரு தவறு. ஒரே இடத்தில் இரண்டு சுவர்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தால் செங்கல் வேலை இருமுறை கணக்கிடப்படலாம். மாதிரியில் சேர்க்கப்படாத பொருள் கணக்கிலும் வராது.

மாறும் முறை

நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் மாற்றுவதை விட, ஒரு சிறிய புதிய வீட்டைத் தொடக்கத்திலிருந்து மாதிரியாக உருவாக்குவது நல்லது. அதற்கு முன் அலுவலகம் வழக்கமாகப் பயன்படுத்தும் சுவர் வகைகள், கதவுகள், சன்னல்கள், தாள் அமைப்புகள் ஆகியவற்றைக் கொண்ட ஒரு வார்ப்புருக் கோப்பைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். பழைய கேட் படங்களை அடியில் வைத்து அவற்றின் மேல் மாதிரியை எழுப்பலாம். ஆனால் படத்தில் உள்ள அளவுகளை முதலில் சரிபார்க்க வேண்டும். வெவ்வேறு மென்பொருள் பயன்படுத்துவோர் மாதிரிகளைப் பகிர்ந்துகொள்ள ஐ.எஃப்.சி. என்னும் திறந்த கோப்பு வடிவம் உள்ளது.

கேட் முற்றிலும் வழக்கொழியவில்லை. நில அளவைப் படங்கள், சிறு பழுதுபார்ப்புகள், தனித்த நுணுக்கப் படங்கள் போன்றவற்றுக்கு அது இன்றும் போதுமானது. பல படங்களில் ஒரே தகவல் திரும்பத் திரும்ப வரும் வேலைகளிலும், அடிக்கடி மாற்றங்கள் வரும் வேலைகளிலும் மாதிரி முறையின் பயன் மிகுதியாகும்.