நல்லவன் எப்போது வில்லன் ஆகிறான்?

நம் சபை நாடகங்களில் ஒரு நல்ல பிள்ளை கெட்டுப்போக எவ்வளவு நேரம் ஆகும்? பெரும்பாலும் ஒரு பாட்டு நேரம். திரை மூடும்போது கையில் வேதப்புத்தகத்தோடு நின்றவன், திரை திறக்கும்போது கூலிங் கிளாஸ், கழுத்தில் சங்கிலி, கையில் பாட்டிலோடு வந்து நிற்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனுடைய அம்மாவும் சேர்ந்து சிரிக்கிறார். ஏன் மாறினான் என்று யாரும் கேட்பதில்லை. மாறினால்தானே கடைசிக் காட்சியில் மனந்திரும்ப முடியும்!

சிரிப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவன் கெட்டுப்போவதைப் பார்த்து நாம் இவ்வளவு சுலபமாகச் சிரிக்கிறோம் என்றால், அது நமக்கு நடக்கக்கூடியது என்று நாம் நம்பவில்லை என்றுதான் பொருள். நல்ல சினிமா அதை நம்ப வைக்கிறது. எப்படி?

சோனாப்பூர் ரூம்களில் விடுமுறை நாள் எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். துணி துவைத்து, ஊருக்குப் பேசி, சமையல் முறையை முடித்த பிறகு, கீழ்க் கட்டிலில் ஒரு போனைச் சுற்றி நான்கு தலைகள். படம் முடிந்ததும் வாக்குவாதம் தொடங்கும். "அவன் செய்ததில் என்ன தப்பு?" என்று ஒருவர். "என்ன தப்பா? எத்தனை பேரைக் கொன்றான்!" என்று இன்னொருவர். இப்படி ரூமையே இரண்டாகப் பிரிக்கும் படங்களைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். 'மங்காத்தா' (2011) படத்தில் அஜித் நடித்த விநாயக் மாறுவதில்லை. அவர் தொடக்கத்திலிருந்தே அப்படித்தான். கதை போகப்போக அது நமக்கு வெளிப்படுகிறது. வெளிப்படுவது வேறு, மாறுவது வேறு. நாம் நேசித்த ஒருவர் நம் கண் முன்னே இன்னொருவராக ஆவதுதான் மாற்றம். அதை நம்பும்படி எடுப்பது மிகக் கடினம்.

குறை உண்மையாக இருக்க வேண்டும்

இதற்குத் தமிழில் மிகப் பழைய, மிக நல்ல எடுத்துக்காட்டு 'அந்த நாள்'. 1954இல் ஏவி.எம். தயாரித்து, வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கிய படம். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக் காட்சி இல்லை. 'பராசக்தி' வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் சிவாஜி கணேசன் இதில் துணிந்து நடித்தார். (முடிவையும் சொல்லப்போகிறோம். எழுபது வருடம் கடந்துவிட்டதால் மன்னிப்பீர்கள்!)

இரண்டாம் உலகப் போர்க் காலம், 1943 அக்டோபர். சென்னை மேல் ஜப்பானியக் குண்டு விழும் நாட்கள். ரேடியோ இன்ஜினியர் ராஜன் தன் வீட்டில் சுடப்பட்டு இறக்கிறான். யார் சுட்டது என்று விசாரணை நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தாங்கள் அறிந்த ராஜனைச் சொல்கிறார்கள். கடைசியில்தான் உண்மை தெரிகிறது. ராஜன் நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றுக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்கப் போராடிய மனைவி உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியிலிருந்துதான் குண்டு பாய்ந்தது. உஷாவாகப் பண்டரிபாய் நடித்திருக்கிறார்.

ராஜன் ஏன் அப்படி ஆனான்? பேராசையால் மட்டும் அல்ல. அவன் திறமைசாலி, தன் வேலையை நேசித்தவன். அந்தத் திறமையை நாடு மதிக்கவில்லை. இந்தக் குறை பொய் இல்லை, படமும் அதைப் பொய் என்று சொல்லவில்லை. அதனால் கேட்கும் நமக்கும் மனம் இரங்குகிறது. ஆனால் ராஜன் அந்தக் குறையோடு நிற்காமல் அதிலிருந்து ஒரு கணக்குப் போடுகிறான். 'என்னை மதிக்காத நாட்டுக்கு நான் எதுவும் கடன்படவில்லை.' குறை உண்மை, கணக்கு தவறு. இரண்டும் ஒரே வாயிலிருந்து ஒரே சூட்டோடு வருவதால், எங்கே முதலாவது முடிந்து இரண்டாவது தொடங்கியது என்று அவனுக்கே தெரியவில்லை.

மாற்றத்தை நம்ப வைக்கும் முதல் காரியம் இதுதான். நல்லவன் கெட்டவனாவதற்குப் புதிதாக ஒரு பிசாசு வந்து புக வேண்டியதில்லை. அவனிடம் ஏற்கெனவே இருக்கிற உண்மையான வலியோ உண்மையான நற்குணமோ போதும். அதை அவன் எதற்கு அனுமதிச் சீட்டாகப் பயன்படுத்துகிறான் என்பதில்தான் கதை இருக்கிறது.

படி சிறியதாக இருக்க வேண்டும்

1972இல் வந்த 'தி காட்ஃபாதர்' படத்தின் மைக்கேல், போரில் பதக்கம் வாங்கிய வீரன். தங்கையின் கல்யாணத்தில் காதலி கேயிடம், தன் குடும்பம் செய்யும் காரியங்களுக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்கிறான். அவன் சொல்வதை நாம் நம்புகிறோம், ஏனென்றால் அவனும் அதை நம்பித்தான் சொல்கிறான்.

பிறகு அப்பாவைச் சுடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் காவலுக்கு ஆளே இல்லை. மைக்கேல் அப்பாவின் கட்டிலை வேறு அறைக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காப்பாற்றுகிறான். எந்த மகன்தான் செய்யமாட்டான்? அங்கே வந்த போலீஸ் அதிகாரி அவன் தாடையை உடைக்கிறார். நமக்கே கோபம் வருகிறது. அப்பாவை இனியும் விடமாட்டார்கள் என்று தெரிந்து, அந்த அதிகாரியையும் அவருக்குப் பின்னால் இருந்தவனையும் கொல்ல மைக்கேல் முன்வருகிறான். நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நினைக்கிறோம்.

இப்படிப் படிப்படியாக இறங்கியவன், கடைசியில் தங்கையின் குழந்தைக்கு ஞானத்தகப்பனாக ஆலயத்தில் நிற்கிறான். சாத்தானை வெறுத்துவிடுகிறாயா என்று குரு கேட்க, ஆம் என்கிறான். அதே நேரம் அவன் ஆட்கள் நகரமெங்கும் கொன்றுகொண்டிருக்கிறார்கள். பிறகு அந்தக் குழந்தையின் தகப்பனையே கொல்லச் சொல்கிறான். எந்தப் படியில் 'போதும், நில்' என்று நாம் சொல்லியிருக்க வேண்டும்? திரும்பிப் பார்த்தால் தெரியவில்லை. ஒவ்வொரு படிக்கும் நாமும் தலையாட்டியிருக்கிறோம்.

இதோடு 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் 2005இல் வந்த மூன்றாம் பாகத்தை ஒப்பிடுங்கள். அனகினுக்கும் நல்ல காரணம் இருக்கிறது. மனைவி இறந்துவிடுவாளோ என்ற பயம். அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஒரே இரவில் அவன் சிறு பிள்ளைகள்மேல் வாளை ஓங்கும்போது நாம் அதிர்கிறோம், நம்புவதில்லை. காரணத்துக்கும் செயலுக்கும் நடுவே இரண்டு மூன்று படிகள் காணாமல் போய்விட்டன. கிட்டத்தட்ட நம் நாடகத்தின் கூலிங் கிளாஸ் மாதிரிதான். செலவு மட்டும் அதிகம்!

பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் வேண்டும்

மணிரத்னத்தின் 'நாயகன்' (1987) படத்தில் கமல்ஹாசன் நடித்த வேலு நாயக்கர், கடைசிவரை தன்னைக் கெட்டவனாக எண்ணுவதில்லை. தன்னை வளர்த்தவரை லாக்கப்பில் கொன்ற இன்ஸ்பெக்டரை அவர் ஊர் பார்க்கக் கொல்கிறார். தாராவி மக்கள் அவரைத் தலைவராக ஏற்கிறார்கள். படமும் அவரை நேசிக்கிறது, நாமும் நேசிக்கிறோம். ஆனால் படம் இரண்டு பேரை மறக்காமல் வைத்திருக்கிறது. ஒருவர் மகள் சாருமதி. அப்பாவின் நியாயங்களைக் கேட்க மறுத்து வீட்டைவிட்டே போகிறாள். இன்னொருவன் கொல்லப்பட்ட இன்ஸ்பெக்டரின் மகன். அந்தக் குடும்பத்தை வேலு நாயக்கரே ஆதரித்து வருகிறார். முடிவில் அவர் உயிரை எடுப்பதும் அந்த மகன்தான். ஊருக்கு நல்லது செய்ததாகச் சொன்ன கணக்கில் விட்டுப்போன ஒரு பெயர் துப்பாக்கியோடு திரும்பி வருகிறது.

செல்வராகவனின் 'புதுப்பேட்டை' (2006) இதே வேலையை ஒரே காட்சியில் செய்கிறது. தாயைக் கொன்ற தந்தையிடமிருந்து தப்பி ஓடிய பள்ளிப் பையன் குமார், அடிபட்டு அடிபட்டு ரவுடியாகிறான். தனுஷின் ஒல்லி உடம்பைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம். அவன் திருப்பி அடிக்கும்போது கை தட்டுகிறோம். பிறகு நண்பனின் தங்கை கல்யாணத்துக்குப் போன இடத்தில், மணமேடையில் இருந்த அந்தப் பெண்ணுக்குத் தானே தாலி கட்டுகிறான். தட்டிய கை நின்றுவிடுகிறது. அதுவரை அவன் கண்களால் பார்த்த நாம், முதல் முறையாக அந்தப் பெண்ணின் கண்களால் அவனைப் பார்க்கிறோம்.

ராஜனுக்கு உஷா, மைக்கேலுக்கு கே, வேலு நாயக்கருக்கு சாருமதி. நல்ல படம் இப்படி ஒருவரைப் பக்கத்திலேயே வைத்திருக்கும். அவர் இல்லாவிட்டால் நாமும் நாயகனோடு சேர்ந்து இறங்கி, இறங்கியதே தெரியாமல் வீட்டுக்குப் போய்விடுவோம்.

(பெற்றோர் கவனத்துக்கு: 'புதுப்பேட்டை', 'தி காட்ஃபாதர்' இரண்டும் சிறு பிள்ளைகளுக்கான படங்கள் அல்ல.)

நமக்குத் தெரிந்த பழைய கதை

இந்த மூன்றும் ஒன்றாக இருக்கும் கதையை நாம் ஓய்வுநாள் பாடசாலையிலேயே படித்திருக்கிறோம். சவுல் ராஜா, தன்னை ராஜாவாக்க வந்தபோது தளவாடங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்ட கூச்ச சுபாவம் உள்ளவன். தன்னை அசட்டைபண்ணினவர்களைக் கொல்ல வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, ஒருவரையும் கொல்லக் கூடாது என்று தடுத்தவன். பின்பு ஜனங்கள் சிதறுகிறார்கள் என்று அவசரப்பட்டுத் தானே பலியிடுகிறான். ஜனங்கள் விரும்பினார்கள் என்று நல்ல ஆடுமாடுகளைத் தப்பவிடுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அப்புறம் தாவீதை உயர்த்திப் பெண்கள் பாடிய பாட்டு, கையில் ஈட்டி, கடைசியில் நோபு பட்டணத்தில் 85 ஆசாரியர்கள். ஒருவரையும் கொல்ல விடாதவனும் இவர்களைக் கொல்லச் சொன்னவனும் ஒரே ஆள்தான். பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன் சொந்த மகன் யோனத்தான்.

சோனாப்பூரில் ஒரு படம் எடுத்தால்

இனி நாமே ஒரு குறும்படம் யோசிப்போம்.

டிப்ளமா முடித்த ஒரு தம்பி. அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். சொன்ன வேலை ஒன்று, கிடைத்தது ஹெல்பர் வேலை. அவன் வலி உண்மை. ஆனாலும் நல்லவன். ஹிந்தியும் இங்கிலீஷும் தெரிவதால் ரூமில் எல்லோருக்கும் பாரம் நிரப்பிக் கொடுக்கிறான், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறான். காசு வாங்குவதில்லை. "தம்பி இல்லாவிட்டால் நாங்க என்ன செய்வோம்" என்கிறார்கள் அண்ணன்மார்.

மூன்றாம் வருடம் அவன் போர்மேன் ஆகிறான். பாரம் நிரப்ப யாரோ பத்து திர்ஹாம் நீட்டுகிறார்கள். நேரம் செலவாகிறதே, வாங்கிக்கொள்கிறான். பிறகு கொடுத்தவர்களின் பெயர் ஓவர்டைம் லிஸ்டில் முதலில் வருகிறது. மனசு கேட்டால், 'எனக்கு யார் சும்மா செய்தார்கள்?' என்று பதில் தயாராக இருக்கிறது. ஐந்தாம் வருடம் ஊரிலிருந்து ஒரு பையன் வேலை கேட்டுப் போன் செய்கிறான். தம்பி ஒரு தொகை சொல்கிறான். அந்தப் பையனின் அம்மா நகையைக் கழற்றுகிறார்.

இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. வில்லன் என்ற சொல்லே வர வேண்டியதில்லை. முதன்முதலில் யாருக்குப் பாரம் நிரப்பிக் கொடுத்தானோ, அந்த வயதான அண்ணன் ஒருநாள் தன் பாரத்தை எடுத்துக்கொண்டு, இவனைத் தாண்டி அடுத்த ரூமுக்குப் போகிறார். அந்த ஒரு காட்சி போதும்.

இங்கே நம்மில் பலருக்கு ராஜனின் குறை இருக்கிறது. படிப்புக்கு ஏற்ற வேலை இல்லை, உழைப்புக்கு ஏற்ற மரியாதை இல்லை. அந்தக் குறையைச் சொல்லக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. சொல்லத்தான் வேண்டும், நியாயம் கேட்கத்தான் வேண்டும். கவனிக்க வேண்டியது, அதற்கு அடுத்து நாம் சொல்லும் "ஆகையால்" என்ற சொல்லை. 'எனக்கு அநியாயம் செய்தார்கள், ஆகையால்…' அந்த இடத்தில் நாம் எந்தப் பெயரைச் சேர்க்கிறோம்? அநியாயம் செய்தவர் பெயரையா, அல்லது நமக்குக் கீழே நிற்கும் ஒரு அப்பாவியின் பெயரையா?

வாலிபர் கூட்டத்தில் கலந்து பேச

1. நீங்கள் சமீபத்தில் பார்த்த படத்தில் நாயகன் எந்த இடத்தில் எல்லை தாண்டினான்? அப்போது நீங்கள் கை தட்டினீர்களா?

2. அவனுடைய குறை உண்மையா? அதிலிருந்து அவன் போட்ட கணக்கு சரியா?

3. அவன் செயலால் பாதிக்கப்பட்டவரின் முகத்தைப் படம் காட்டியதா, மறைத்ததா?

4. உங்கள் ரூமில், உங்கள் வீட்டில், "தம்பி, இது சரியில்லை" என்று உங்களிடம் சொல்லும் உரிமை யாருக்கு இருக்கிறது? அவர் கடைசியாக அப்படிச் சொன்னது எப்போது?