காலராவும் உப்பு-சர்க்கரைத் தண்ணீரும்

மழைக்காலம் தொடங்கியதும் கொல்கத்தாவில் நம்மவர் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. பேதி கண்ட குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கலாமா, கூடாதா? "குடிச்சதெல்லாம் அப்படியே போயிடுது சார், கொஞ்ச நேரம் வயிறு காயட்டும்" என்று நன்கு படித்தவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்த எண்ணம் உயிருக்கே ஆபத்தானது. ஏன் என்று புரிய வேண்டுமானால், பேதிகளிலேயே கொடியதான காலராவின் கிருமி நம் குடலில் என்னதான் செய்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதைக் கண்டுபிடித்ததில் பெரும்பகுதி நாம் பிழைக்க வந்த இந்த ஊரிலேயே நடந்தது என்பது கூடுதல் சுவை.

நான் மருத்துவன் அல்ல. ரயில்வேயில் சிவில் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். காலனிகளுக்கும் ஸ்டேஷன்களுக்கும் குடிதண்ணீர் அனுப்பும் வேலை பல ஆண்டுகள் என் பொறுப்பில் இருந்தது. கடைசிக் குழாயில் தண்ணீர் பிடித்து, மருந்துத் துளி விட்டு, குளோரின் இருக்கிறதா என்று மஞ்சள் நிறம் பார்ப்பது அன்றாடக் காரியம். அந்த மஞ்சள் நிறத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளப் போய்த்தான் இந்த விஷயத்துக்குள் நுழைந்தேன்.

ஜெர்மானிய விஞ்ஞானி ராபர்ட் காக் 1883 டிசம்பரில் எகிப்திலிருந்து கல்கத்தா வந்தார். இங்கே மெடிக்கல் காலேஜில், காலராவால் இறந்தவர்களின் குடலை ஆராய்ந்து, காற்புள்ளிபோல் வளைந்த ஒரு கிருமியைத் தனியே பிரித்து வளர்த்தார். மக்கள் குளித்துக் குடித்துப் புழங்கிய குளத்துத் தண்ணீரிலும் அதே கிருமி இருந்தது. (இத்தாலியில் பச்சீனி என்பவர் 1854-லேயே இதைப் பார்த்து எழுதியிருந்தார். அப்போது அதை யாரும் பொருட்படுத்தவில்லை.) கிருமி ஏதோ ஒரு நஞ்சை வெளியிடுகிறது, அதுதான் ஆளைக் கொல்கிறது என்று காக் ஊகித்தார். ஊகம் சரி. ஆனால் அதை நிரூபிக்க 75 ஆண்டுகள் ஆயின.

காரணம், எல்லோரும் தவறான இடத்தில் தேடினார்கள். நஞ்சு ரத்தத்தில் கலந்து உடம்பு முழுவதும் பரவும் என்றும், குடலின் உள்தோல் உரிந்துபோவதால்தான் தண்ணீர் கொட்டுகிறது என்றும் நினைத்தார்கள். இந்த முடிச்சை அவிழ்த்தவர் சம்பு நாத் டே. ஹூக்ளி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 1915-ல் பிறந்தவர். சியால்தா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் நீல்ரத்தன் சர்க்கார் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு மெடிக்கல் காலேஜிலும் வேலை பார்த்தவர். அவருடைய சோதனை மிக எளியது. முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவே காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் பலூன் போல் உப்பியிருந்தது. 1953-ல் இதை வெளியிட்டார். அடுத்து, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வெறும் நீரைச் செலுத்தினார். அப்போதும் உப்பியது. ஆக, கிருமி அங்கே இல்லாமலேயே அதன் நஞ்சு வேலை செய்கிறது. அதுவும் குடலின் உள்பக்கத்திலிருந்தே. 1959-ல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார். 1978-ல் நோபல் கருத்தரங்கு ஒன்றுக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்க விஞ்ஞானி லெடர்பெர்க் அவர் பெயரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தார். நம் நாட்டில் அவருக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை. 1985-ல் காலமானார். 'கரண்ட் சயன்ஸ்' இதழ் 1990-ல் அவருக்கென்று சிறப்பிதழ் போட்டபோதுதான் பலருக்கு அவர் பெயரே தெரிந்தது.

இனி குடலுக்குள் போவோம். அசுத்தத் தண்ணீரோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவற்றை இரைப்பையின் அமிலம் கொன்றுவிடுகிறது. (அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைத் தினமும் விழுங்குவோர் கவனிக்க.) தப்பிப் பிழைத்தவை ஒற்றை வாலைச் சுழற்றி நீந்தி, சிறுகுடலின் வழவழப்பான சளிப் படலத்தைத் துளைத்துக்கொண்டு குடல் செல்களின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. அங்கேயே நின்றுவிடுகின்றன. காசநோய்க் கிருமியைப் போலவோ டைபாய்டு கிருமியைப் போலவோ செல்லுக்குள் புகுவதில்லை. செல்லைக் கிழிப்பதும் இல்லை. வாசலில் நின்றபடி நஞ்சை மட்டும் உள்ளே அனுப்புகின்றன.

அந்த நஞ்சில் ஆறு துண்டுகள். 'பி' எனப்படும் ஐந்து துண்டுகள் மோதிரம்போல் வட்டமாக அமைந்திருக்கும். நடுவில் 'ஏ' என்ற துண்டு. குடல் செல்லின் மேல் ஜி.எம்.1 என்ற கொழுப்புப் பொருள் உண்டு. மோதிரம் அதைப் பற்றிக்கொள்கிறது. செல் அதைத் தன் பொருள் என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் 'ஏ' துண்டு பிரிந்து தன் காரியத்தைத் தொடங்குகிறது.

இதற்கு நம் மேல்நிலைத் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்து மிதக்கும் வால்வு ஒன்று இருக்கும். தண்ணீர் குறைந்தால் திறக்கும், நிரம்பினால் தானே மூடும். குடல் செல்லிலும் அப்படித் தானே திறந்து தானே மூடும் ஒரு புரதச் சுவிட்சு இருக்கிறது. உணவு குழைவாக நகரக் குடலுக்குள் கொஞ்சம் நீர் சுரக்க வேண்டும். அதற்குத்தான் இந்த ஏற்பாடு. காலரா நஞ்சு அந்தச் சுவிட்சின்மேல் ஒரு சிறு ரசாயனத் துண்டை ஒட்டவைத்துவிடுகிறது. அவ்வளவுதான், வால்வு மூடவே மூடாது. செல்லிலிருந்து குளோரைடு குடலுக்குள் கொட்டுகிறது. அதன் பின்னால் சோடியம். அதன் பின்னால் தண்ணீர்.

சாதாரண நாளில் நம் சிறுகுடல் ஏறக்குறைய 9 லிட்டர் திரவத்தைக் கையாளுகிறது. நாம் குடிப்பதும் உண்பதும் அதில் சுமார் 2 லிட்டர்தான். மற்றதெல்லாம் உமிழ்நீர், பித்தநீர் என்று உடம்பே சுரப்பது. அத்தனையும் திரும்ப உறிஞ்சப்பட்டு, மலத்தோடு வெளியே போவது ஒரு தம்ளர்கூட இருக்காது. கடும் காலராவில் மணிக்கு 1 லிட்டருக்கு மேல் வெளியேறலாம். காலையில் நடமாடியவர் மாலையில் கண் குழிந்து, விரல் நுனி சுருங்கி, நாடி பிடிபடாமல் கிடப்பது இதனால்தான். அரிசி களைந்த நீர்போல் போவதற்கும் இதுவே காரணம்: அது முழுக்க முழுக்க உப்பும் நீரும். இத்தனையிலும் குடலின் உள்தோல் சிதையாமல் இருக்கிறது என்பதை காங்கரோசா என்ற அமெரிக்க மருத்துவர் பாங்காக்கில் நோயாளிகளின் குடல் திசுவை எடுத்துப் பார்த்து 1960-ல் காட்டினார். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

நம் எதிர்ப்புச் சக்தி எங்கே போயிற்று என்று கேட்கலாம். கிருமி ரத்தத்துக்குள் வருவதில்லை. ஆகவே ரத்தத்தில் சுற்றும் காவலர்களுக்கு அது கண்ணில் படுவதே இல்லை. காலராவில் பெரும்பாலும் காய்ச்சல் வராததற்கு இதுதான் காரணம். குடலுக்கென்று தனிக் காவல் உண்டு. அங்குள்ள சில செல்கள் கிருமியின் மாதிரியை உள்ளே எடுத்துக் கொடுக்க, ஐ.ஜி.ஏ. என்ற எதிர்ப்பொருள் தயாராகிக் குடலுக்குள் சுரக்கிறது. கிருமியின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகளை அது பிடித்துக்கொண்டு, நீந்தவும் ஒட்டவும் விடாமல் செய்கிறது. ஆனால் முதல் தடவை இது தயாராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காலராவோ சில மணி நேரத்தில் கொல்லக் கூடியது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாயின் எதிர்ப்பொருள் பாலோடு குடலுக்கே நேராகப் போய்ச் சேர்கிறது. பேதி என்று தாய்ப்பாலை நிறுத்துவோர் இந்தக் காவலையும் சேர்த்து நிறுத்துகிறார்கள்.

பழைய காலரா ஊசி ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது விளங்கும். ஹாஃப்கின் என்பவர் 1894-ல் கல்கத்தாவின் பஸ்திகளில் ஊசி போட்டார். அதன்பின் பல தலைமுறைகள் திருவிழாக் கூட்டங்களில் கை வீங்க ஊசி போட்டுக்கொண்டார்கள். எதிர்ப்பொருள் ரத்தத்தில்தான் பெருகியது. குடலில் மிகக் கொஞ்சம். பாதுகாப்பு சில மாதங்கள்தான் நின்றது. வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த ஊசிச் சான்றிதழ் வேண்டும் என்ற விதியை உலக சுகாதார நிறுவனம் 1973-ல் கைவிட்டது. பிறகு வந்த வாய்வழி மருந்து குடலையே பழக்குகிறது. கொல்கத்தாவின் குடிசைப் பகுதிகளில் 2006-ல் இரண்டு தவணை கொடுத்துப் பார்த்ததில், ஐந்து ஆண்டுகளில் நூற்றுக்கு 65 என்ற அளவில் பாதுகாப்பு கிடைத்தது.

ஆனால் காவலர் அடையாளம் காண்பது கிருமியின் மேலுறையைத்தான். 1992 கடைசியில் சென்னையில் (அப்போது மதராஸ்) ஒரு புதுவகைக் காலரா தலைகாட்டியது. வங்காள விரிகுடா ஓரமாகப் பரவி, 1993 தொடக்கத்தில் கல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் பிடித்தது. ஓ139 என்று பெயரிட்டார்கள். நஞ்சு அதே நஞ்சு. மேலுறை மட்டும் வேறு. காலரா நிலையாக உள்ள ஊர்களில் பழைய கிருமியோடு பழகிய பெரியவர்களுக்கு வழக்கமாக நோய் குறைவாக வரும். இந்த முறை அவர்களே அதிகம் விழுந்தார்கள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்த திருடனைக் காவலர் விட்டுவிட்ட கதைதான். சில ஆண்டுகளில் அந்த வகை பின்வாங்கி, பழையதே மீண்டும் மேலோங்கியது.

குடலின் உள்தோல் சிதையவில்லை என்றேனே, அதற்கு வருகிறேன். குடல் செல்லில் உப்பை உள்ளே எடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வாசல் உண்டு. அதில் ஒன்று குளுக்கோஸுக்கும் சோடியத்துக்கும் பொதுவானது. இரண்டும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். இப்படி ஒரு வாசல் இருப்பதை ராபர்ட் கிரேன் 1960-ல் எடுத்துச் சொன்னார். காலரா நஞ்சு அந்த வாசலைத் தொடுவதே இல்லை! தண்ணீரை மட்டும் கொடுத்தால் நிற்காது; உப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தாலும் உள்ளே போகாது. உப்பும் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் உள்ளே போகும், தண்ணீர் தானே பின்தொடரும். ஒரு பக்கம் வால்வு ஒழுகிக்கொண்டே இருக்க, இன்னொரு பக்கம் தொட்டியை நிரப்பிக்கொண்டே இருக்கலாம்.

எவ்வளவு நாள்? குடல் செல்லின் ஆயுளே நாலைந்து நாள்தான். நஞ்சு பட்ட செல்கள் உதிர்ந்து புதியவை வந்துவிடும். அதுவரை ஆளை வற்றவிடாமல் பார்த்துக்கொண்டால் நோய் தானே விலகும்.

கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி 1953-லேயே வாய்வழி உப்பு-குளுக்கோஸ் நீரால் குணப்படுத்தி எழுதியிருந்தார். 1968-ல் டாக்காவில் முறையான சோதனை நடந்தது. ஆனாலும் இதைப் பெரிய அளவில் நம்பவைத்தது 1971. வங்காளதேசப் போரில் லட்சக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்தார்கள். சியால்தாவிலிருந்து லோக்கல் ரயில் போகும் போன்காவ் ஊரில், டாக்டர் திலீப் மஹாலனபிஸ் கையில் இருந்தது 16 கட்டில் கொண்ட சிறிய ஆஸ்பத்திரி. நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அவர் துணிந்து, லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து டிரம்களில் வைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே குவளையைக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அவர் பார்த்தவர்களில் இறப்பு 4-க்கும் கீழே வந்தது. அவர் 2022 அக்டோபரில் இதே ஊரில் காலமானார். அடுத்த ஆண்டு பத்மவிபூஷண் அறிவித்தார்கள்.

இன்றும் நம் வீடுகளில் "குளுக்கோஸ் ஏற்றினால்தான் தெம்பு" என்ற நம்பிக்கை போகவில்லை. குடிக்க முடியாமல் மயங்கிக் கிடப்பவருக்கும், நாடி தளர்ந்தவருக்கும் நரம்பு வழி ஏற்றத்தான் வேண்டும். அங்கே ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு வாய்வழியே போதும். 2002 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். அளவில் விளையாடக் கூடாது. சர்க்கரை மிகுந்தால் அதுவே உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். பாட்டில் கூல்டிரிங்க் ஆகாது என்பது இதனால்தான். ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்து விற்ற இனிப்புப் பானங்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் தடை போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுதானா என்று படித்து வாங்குங்கள்.

பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லதே; மாவுப்பொருள் குடலில் கரைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குளுக்கோஸ் ஆகிறது. வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. குழந்தைகளுக்குப் பேதியைக் கட்டும் மாத்திரை வேண்டாம். துத்தநாக மருந்து எத்தனை நாள் என்று டாக்டரைக் கேளுங்கள். கலந்த கரைசலை மூடி வைத்து 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.