கியர் பற்களை வலுவாக்கும் உலோகப் பதமூட்டல்: பலனும் எல்லையும்

அமெரிக்காவின் ஃபோர்ட் மஸ்டாங் காரில் 1990ஆம் ஆண்டளவில் பொருத்தப்பட்ட டி5 என்ற ஐந்து வேக கியர் பெட்டி, ஏறத்தாழ 300 பவுண்டு-அடி முறுக்குவிசையைத் தாங்குமென மதிப்பிடப்பட்டிருந்தது. அதன் வி8 என்ஜின் வெளியிட்டதும் அதே அளவுதான். ஆகவே, என்ஜினின் வலுவைக் கூட்டியவர்களில் பலர் முதலில் இழந்தது கியர் பற்களையே.

இதற்குப் பரிகாரமாக இரு வழிமுறைகள் கையாளப்படுகின்றன.

முதலாவது, 'ஷாட் பீனிங்'. நுண்ணிய எஃகு உருண்டைகளைப் பற்களின் மீது வேகமாக வீசுவதால், மேற்பரப்பு நிரந்தர அமுக்கத்துக்கு உள்ளாகிறது. பல்லின் அடியில் இழுவிசையால் தோன்றும் விரிசல், இந்த அமுக்கத்தை வென்றாலன்றி வளர முடியாது.

இரண்டாவது, ஆழ்குளிரூட்டல். திரவ நைட்ரஜனின் துணையுடன் மைனஸ் 190 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குளிர்விக்கும்போது, எஃகில் எஞ்சியுள்ள மென்மையான ஆஸ்டெனைட்டின் பெரும்பகுதி கடினமான மார்ட்டென்சைட்டாக மாறுகிறது. இதனால் தேய்மானம் குறையும். எனினும், பல் முறிவைத் தடுக்கும் உத்தரவாதம் இதுவல்ல.

இவையிரண்டும் பற்களின் அகலத்தைக் கூட்டுவதில்லை. பெருஞ்சுமையில் அலுமினிய உறை நெகிழ்ந்து தண்டுகள் விலகினால், பதமூட்டிய பற்களும் ஓரத்தில் மட்டுமே தொட்டு முறியும்.

பதமூட்டல் ஆயுளை நீட்டும். சுமை வரம்பை ஓரளவே உயர்த்தும். என்ஜினின் வலுவை இருமடங்காக்குவோருக்கு, பெட்டியையே மாற்றுவதுதான் இறுதியில் சிக்கனம்.