கடைவாய்ப் பல்லும் ‘ஒரே சிட்டிங்’ அவசரமும்

வேலப்பன்சாவடியில் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதாலோ என்னவோ, பக்கத்து வானகரத்தில் பல் கிளினிக்குக்குப் பஞ்சமில்லை. கேப் போட வருபவர்களுக்கு இப்போது புது ஆசை காட்டப்படுகிறது: வாயில் பசையை அப்பி அச்சு எடுக்க வேண்டாம், ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், கம்ப்யூட்டரே ‘ஒரே சிட்டிங்’கில் அசல் பல் மாதிரி செய்துவிடும்.

கடைவாய்ப் பல்லை யார் பார்க்கப்போகிறார்கள்? கொட்டாவி விட்டால்தான் உண்டு. ஆனாலும் அது அசல் மாதிரி இருந்தே ஆகவேண்டும். ஆறு வயதில் கீழ்த்தாடையில் முளைக்கும் முதல் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் ஐந்து முகடுகள். கன்னத்துப் பக்கம் மூன்று, நாக்குப் பக்கம் இரண்டு. மேல்பல்லின் முகடு கீழ்ப்பல்லின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தால்தான் முறுக்கு நொறுங்கும்.

1985-இல் சூரிச்சில் முதல் நோயாளிக்கு இந்தக் கம்ப்யூட்டர் முறையில் பல்லை அடைத்தபோது, மேடு பள்ளம் இயந்திரத்துக்குக் கைவரவில்லை, டாக்டர்தான் செதுக்கினார். இன்றைய சாப்ட்வேர் நம் வாயில் மிச்சமிருக்கும் பற்களை வைத்து, சிதைந்த பல் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கிறது. கேப் செய்யும் சிர்க்கோனியா என்ற பீங்கான் சுமார் 1,500 டிகிரி உலையில் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்கேற்ப இயந்திரம் பெரிதாகவே செதுக்குகிறது. கணக்கு அபாரம்தான்.

எனக்கு உறுத்துவது அந்த ‘ஒரே சிட்டிங்’. உயிருள்ள பல்லைச் சீவ, மரத்துப்போக ஊசி போடுகிறார்கள். கேப்பை ஒட்டிவிட்டு, நீலக் காகிதத்தை வைத்து, “கடிங்க, இடிக்குதா?” என்றால் மரத்த வாய் என்ன பதில் சொல்லும்? “பரவாயில்ல டாக்டர்” என்று ஆட்டோ ஏறிவிடுகிறோம். ராத்திரி சாப்பிடும்போதுதான் இடிப்பது தெரிகிறது. போதாக்குறைக்கு, அச்சுக்குப் பதிலாக வாயைப் படமெடுக்கும் ஸ்கேனர் பெரும்பாலும் பதிவு செய்வது இறுகக் கடித்த நிலையை. நாமோ தாடையைப் பக்கவாட்டில் அசைத்து மெல்லுகிறவர்கள். மயிரிழை உயரம் கூடினாலும் பல் வலிக்கும்.

மறுநாள் போனால் உரசிச் சரிசெய்வார்கள். உரசிய இடத்துக்குப் பாலிஷ் போடாமல் விட்டால், சொரசொரப்பான சிர்க்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலைத் தேய்த்துவிடும். அது திரும்ப வளராது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்ப்பவருக்கு ஒரு நாள் சம்பளம் மிச்சம் என்பதும் நியாயமே. அதற்காக மரப்பு இறங்கிய பிறகு கடித்துக் காட்ட இன்னொரு தடவை போவதையும் சேர்த்து மிச்சம் பிடிக்க வேண்டுமா? அந்த இரண்டாம் தடவைக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று பல்லைச் சீவுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.